பச்சைத் தழை செருகிய படல்

தேர்தல் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் ஒருவர்கூட இந்தப் பிரிவைக் கேட்டு வாங்கிக்கொண்டு வரவில்லை. நானும் அப்படித்தான். தாலுகா ஆபீசில் வேறு எந்த மேசையில் உட்கார்ந்தாலும் நாலு பேர் வணக்கம் வைப்பார்கள். தேர்தல் மேசையில் உட்கார்ந்தால், தேர்தல் வந்தால் திட்டுவார்கள், வராவிட்டால் மறந்துவிடுவார்கள். மாற்றல் உத்தரவு கைக்கு வந்த அன்று நான் ரெக்கார்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஓய்வு பெற்ற பிறகு இன்று யாராவது என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால் அந்த மேசையைத்தான் சொல்கிறேன், அதுவும் கொஞ்சம் கர்வத்தோடு.

படிவம் நிரப்புவதும் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்குத் தர என்னிடம் இருப்பவை நான் செய்த தப்புகள்தான். பெரிய தப்பு ஒன்று, அதற்கு முன்னோட்டமாகச் சின்னத் தப்பு ஒன்று. இரண்டையும் வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஒரு சட்டமன்றத் தொகுதி என்பதை நாம் வரைபடத்தில் கோடாகப் பார்த்துப் பழகிவிட்டோம். மறுவரையறை உத்தரவை எடுத்துப் படித்துப் பாருங்கள், அதில் கோடே கிடையாது. ஊர்ப் பெயர்கள்தான் இருக்கும். இந்தத் தாலுகா, இந்தக் கிராமங்கள், இந்தப் பேரூராட்சி என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள். அந்தப் பெயர்களைச் சேர்த்துக் கோடு போடுவது நம்மைப் போன்றவர்கள். சின்னசேலம் என்ற பெயரில் ஒரு தொகுதியே இருந்தது. மறுவரையறையில் அந்தப் பெயர் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் எப்போது சின்னசேலம் ஸ்டேஷன் ரோட்டில் டீ குடிக்கப் போனாலும் கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொள்வார்.

"இன்னா மேடம், எங்க தொகுதிய எடுத்துக்கினு போனீங்களே, எங்க வெச்சீங்க?"

நான் என்னமோ அதை மடித்துப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போய்விட்ட மாதிரி கேட்பார். "பத்திரமா இருக்குதுங்க, அடுத்த வாட்டி வரும்போது எடுத்தாறேன்" என்று நானும் சொல்வேன். அவர் டீக்குக் காசு வாங்கமாட்டேன் என்பார், நான் வைத்துவிட்டு வருவேன். பத்து வருஷத்துக்கு மேல் ஒரே பேச்சு, இருவருக்கும் சலிக்கவில்லை.

சின்னத் தப்பு எலவனாசூர்கோட்டையில் நடந்தது. ஒரு வாக்குச்சாவடியில் ஆட்கள் அதிகமாகிவிட்டார்கள், இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஊர் வரைபடத்தை விரித்து, சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஆபீசில் எல்லோருக்கும் காட்டினேன். வாக்குப்பதிவு அன்றுதான் தெரிந்தது, அந்தக் கோடு ஒரு வீட்டின் வழியாகப் போயிருக்கிறது. புருஷன் பேர் பள்ளிக்கூடத்து பூத்தில், பெண்டாட்டி பேர் பஞ்சாயத்து ஆபீஸ் பூத்தில். ஒரு குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது என்பது நமக்கு அரிச்சுவடி. மன்னிப்புக் கேட்கலாம் என்று அந்த அம்மாவிடம் போனேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நல்ல வேல பண்ணீங்க மேடம். எப்பவும் பின்னாடியே நின்னுக்கினு இதுக்குப் போடு, அதுக்குப் போடுன்னு உசுர எடுப்பாரு. இந்த வாட்டிதான் நிம்மதியா போட்டேன். இப்பிடியே இருக்கட்டும், மாத்திடாதீங்க!"

மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனாலும் சிரித்துக்கொண்டேதான் மாற்றினேன், அந்த அம்மாவுக்குச் சொல்லாமல். மேசையில் இழுக்கும் கோடு யாரோ ஒருவர் வீட்டு அடுப்படியில் போய் நிற்கும் என்பதை அன்றோடு கற்றுக்கொண்டுவிட்டேன் என்று நினைத்தேன். எங்கே கற்றுக்கொண்டேன்?

அடுத்த மாற்றல் கல்வராயன் மலைப் பக்கம். பதவி உயர்வோடு தேர்தல் துணை வட்டாட்சியர். மலையில் நம் தொகுதி ஒரு ஓடையோடு முடிகிறது. ஓடைக்கு அந்தப் பக்கம் வேறு மாவட்டம், வேறு தொகுதி. அந்த ஓடைக்கு இந்தப் பக்கம், மேட்டில், நெல்லிப்பாடி என்று ஒரு ஊர். நாற்பத்தியிரண்டு வீடு. முன்பெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட மலையிறங்கி அடுத்த ஊருக்குப் போவார்கள். போய்வர அரை நாள். அங்கே கியூவில் உள்ளூர்க்காரர்கள் முன்னால், இவர்கள் கடைசி. பல வருஷம் மனுக் கொடுத்து, நடையாய் நடந்து, ஒரு வழியாக அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே ஒரு வாக்குச்சாவடி வாங்கியிருந்தார்கள். அந்தச் சாவடிக்கு வயது ஒரே ஒரு தேர்தல்தான்.

வீடு வீடாகப் போய்ப் பட்டியலைச் சரிபார்க்கும் பி.எல்.ஓ.வாக அங்கே இருந்தவர் செல்வி. அங்கன்வாடி டீச்சர், மலையிலேயே பிறந்தவர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். அந்த வருஷம் சரிபார்ப்பு முடிந்து செல்வியின் தாள்கள் வந்தன. நாற்பத்தியொரு வீட்டுக்கு "ஆள் இருக்கிறார்கள்", ஒரே ஒரு வீட்டுக்குக் "குடிபெயர்ந்தார்கள்". இவ்வளவு சுத்தமாக ஒரு பட்டியல் வந்தால் எங்கள் வேலையில் சந்தேகம்தான் வரும். வீட்டிலேயே உட்கார்ந்து எழுதிவிட்டார் என்று நினைத்தேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லாமல் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

ஊருக்குள் ஒரு ஆள் இல்லை. மலையில் பூட்டுச் சாவி பழக்கம் குறைவு. ஒவ்வொரு வாசலிலும் முள்ளால் கட்டிய படலைச் சாத்தி வைத்திருந்தார்கள். நம் கீழ்நாட்டில் ஒரு வீட்டு வாசலில் முள்ளைப் போட்டு அடைத்திருந்தால் என்ன அர்த்தம்? அந்த வீட்டுக்காரர்கள் போயே போய்விட்டார்கள், ஆடு மாடு நுழையாமல் இருக்க யாரோ அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் அப்படித்தான் படித்தேன். ஊர் ஓரத்துப் பாறையில் ஏறிப் பார்த்தால், ஓடைக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் குடிசைகள். புகை வருகிறது, துணி காய்கிறது, கோழி மேய்கிறது, பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

டிரைவர் வேறு எண்ணெய் ஊற்றினார். "ஊரே காலி பண்ணிக்கினு அந்தாண்ட போய்டுச்சு மேடம். அவங்க இப்ப நம்ம தொகுதியே இல்ல."

நாற்பத்தியிரண்டு வாசலையும் செல்போனில் படம் எடுத்தேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பாருங்கள், ஒரு ஊர் பெயரை மட்டும் இந்தத் தொகுதியில் விட்டுவிட்டு அடுத்த தொகுதிக்கு நடந்து போயிருக்கிறது, அதை நான் கண்டுபிடித்திருக்கிறேன்! திரும்பி வந்த சூட்டோடு அறிக்கை எழுதினேன். குடியிருப்பு எல்லை தாண்டிவிட்டது, பெயர்களை நீக்கலாம், வாக்குச்சாவடியை எடுத்துவிடலாம். செல்வியைக் கூப்பிட்டு, "கண்ணால் பார்க்காமல் எழுதினாயா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். "இருக்காங்க மேடம்" என்று அவர் வாயைத் திறந்தார். "எங்க இருக்காங்க? நான் பாத்துட்டு வந்தேனே!" என்று அடக்கினேன். விளக்கம் கேட்டு மெமோவும் கொடுத்தேன். செல்வி அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

வரைவுப் பட்டியல் நோட்டீஸ் பலகையில் ஒட்டப்பட்டது. ஆட்சேபணை சொல்லக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு, மதியம், ஆறேழு பெண்கள் ஆபீசுக்குள் நுழைந்தார்கள். முன்னால் வந்தவர் பெயர் வெள்ளச்சி. நாற்பது வயது இருக்கும். காலையில் மலையிறங்கி, பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள்.

"நெல்லிப்பாடி ஓடிப்போச்சுன்னு எழுதின மேடம் யாருங்க?"

ஆபீசே என்னைப் பார்த்தது.

"நான்தாம்மா. உக்காருங்க."

"உக்காரத்துக்கு வரலீங்க. உசுரோட கீற ஊர எப்டீங்க ஓடிப்போச்சுன்னு எழுதுவீங்க? ஓடையத் தாண்டினா வேற தொகுதின்றீங்களாமே? எங்க ஆடு தெனமும் ரெண்டு தொகுதிலயும் மேஞ்சிக்கினு வருது. அதுக்கு எங்க ஓட்டு?"

பின்னால் இருந்த எழுத்தர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. பொறுமையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, அதிகாரமாகத்தான் பேசினேன். அந்தப் பக்கத்துத் தொகுதி ஆபீசில் பேரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

"அங்கதானே மொதல்ல போனோம்! அது காட்டுக் கொட்டாய், வூட்டு நெம்பரே கெடையாது, நீங்க எங்க ஆளு இல்லன்றாங்க. நீங்களும் இல்லன்றீங்க. அப்ப நாங்க யாரு ஆளு?" என்றார் வெள்ளச்சி. அதுவரை உரக்கப் பேசியவரின் குரல் தணிந்தது. "காட்டுக்குப் பட்டா கேட்டு எழுதிக் குடுத்துக்கீறோம் மேடம். இந்த ஊர்லதான் இருக்கறோம்ன்றதுக்கு இன்னா இருக்குதுன்னு கேப்பாங்க. ஓட்டு லிஸ்டத் தவுர எங்ககிட்ட வேற இன்னா இருக்குது?"

அப்போதாவது நான் நின்று யோசித்திருக்க வேண்டும். எனக்கோ என் ஆதாரம் கையில் இருக்கிறதே என்ற திமிர். செல்போனை எடுத்து நீட்டினேன். "நீயே பாரும்மா. எல்லா வாசலிலும் முள்ளு."

வெள்ளச்சி போனை வாங்கி, ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தார். கோபம் போய் முகம் மலர்ந்துவிட்டது. கூட வந்த பெண்கள் எல்லாம் என் மேசையைச் சுற்றிக்கொண்டார்கள். "ஐய, இது என் வூடு!" "இது நாத்தனா வூடு!" என்று கல்யாண ஆல்பம் பார்ப்பது போலப் பார்த்தார்கள். பிறகு வெள்ளச்சி ஒரு படத்தைப் பெரிதாக்கி என்னிடம் காட்டினார்.

"படல்ல தழ செருகிக்கீது பாருங்க. புங்கந்தழ. பச்சையா இருக்குதா? பச்சத் தழ இருந்தா ஆளு காட்ல இருக்குது, வரும்னு அர்த்தங்க. சாம வெளஞ்சி நிக்குது. பன்னியும் கிளியும் வுடாதுன்னு அறுப்பு முடியற மட்டும் காட்டுக் கொட்டாயிலதான் கெடப்போம். வாரம் ஒருக்கா வூட்டுக்கு வந்து, சாம குத்தி எடுத்துக்கினு, தழய மாத்திச் செருகிட்டுப் போவோம்."

படங்களைத் தள்ளிக்கொண்டே போனவர் ஒன்றில் நின்றார்.

"இது மட்டும் நெசங்க. தழ காஞ்சிக்கீது பாருங்க. இவங்க புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் திருப்பூருக்குப் பொழைக்கப் போய்ட்டாங்க. இவங்க பேர வேணா அடிச்சிக்குங்க."

பீரோவைத் திறந்து செல்வியின் தாள்களை எடுத்தேன். "குடிபெயர்ந்தார்கள்" என்று அவர் எழுதியிருந்த ஒரே வீட்டின் எண்ணைப் பார்த்தேன். காய்ந்த தழை வீடு. மற்ற நாற்பத்தியொன்றும் பச்சை. அந்தப் பெண் ஒரு வீட்டில்கூடத் தப்பு செய்யவில்லை. நான்தான் நாற்பத்தியொரு வீட்டிலும் தப்பு செய்திருந்தேன், அதுவும் படம் பிடித்து வைத்துக்கொண்டு.

சப் கலெக்டரின் அறைக்குப் போனேன். அவர்தான் வாக்காளர் பதிவு அதிகாரி. என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர். வடக்கேயிருந்து வந்து தமிழ் படித்தவர் என்பதால் பாடப்புத்தகம் மாதிரியே பேசுவார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் படங்களை வாங்கிப் பார்த்தார், தழையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நீங்கள் தவறு செய்துவிட்டீர்கள். மிகவும் நல்லது" என்றார்.

"நல்லதா சார்?"

"பட்டியல் இறுதியாவதற்கு முன்பு செய்திருக்கிறீர்கள் அல்லவா? பின்பு செய்திருந்தால் நாம் இருவரும் அழ வேண்டும்."

அப்புறம் அவர் முகம் கொஞ்சம் மாறியது. என் அறிக்கை என் கையெழுத்தோடு கோப்பில் இருக்கிறது. வெள்ளச்சி சொன்னார் என்று அதை அப்படியே திருப்பிவிட முடியாது. வருஷத்தில் சில மாதம் ஓடைக்கு அப்பால், மீதி மாதம் இப்பால் என்றால், பட்டியலுக்குச் சட்டம் கேட்கிற 'சாதாரணமாக வசிக்கும் இடம்' எது என்று யாராவது கேட்பார்கள். நாளை மறுநாள் காலை அனைத்துக் கட்சிக் கூட்டம். அதற்குள் எதைக் காட்டி வீடு இதுதான் என்று சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டார். "உங்களுக்கு நாளை முழுவதும் இருக்கிறது" என்று சொல்லிக் கோப்பை மூடினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அன்று சாயங்காலம் எனக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. பி.எல்.ஓ. தந்த தகவலில் குழப்பம் என்று ஒரு வரி எழுதினால் போதும், மெமோவும் ஏற்கெனவே கொடுத்தாயிற்று, எல்லாம் செல்வியின் தலையில் இறங்கிவிடும். ஆபீசில் ஒருவர் அப்படியே யோசனையும் சொன்னார். அந்த யோசனை எனக்கு ஒரு நிமிஷம் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். உங்களுக்கும் அந்த ஒரு நிமிஷம் கட்டாயம் வரும். அது வந்தால் உடனே எழுந்து நடக்க ஆரம்பியுங்கள், உட்கார்ந்திருந்தால் பேனா கைக்கு வந்துவிடும்.

மறுநாள் விடிந்ததும் ஜீப்பில் மலைக்குப் போனேன். முதலில் அடுத்த ஊரில் இருந்த அங்கன்வாடி. செல்வி பிள்ளைகளுக்குச் சத்துமாவு கலந்துகொண்டிருந்தார்.

"அந்த மெமோவக் குடும்மா" என்றேன்.

பயந்துபோய்ப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "இது வாபஸ். தப்பு என்னுது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "அன்னிக்கே ஏம்மா தழையப் பத்திச் சொல்லல?" என்றும் கேட்டேன்.

"சொல்ல வந்தேன் மேடம். நீங்க பேச வுடலியே" என்றார், பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. அதைவிட மரியாதையாக ஒரு அதிகாரியை யாரும் திட்ட முடியாது.

இருவரும் ஓடையைத் தாண்டி நடந்தோம். முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். தொகுதி எல்லையை அத்தனை வருஷம் பென்சிலால் தாண்டியிருக்கிறேன், காலால் தாண்டியது அன்றுதான். தண்ணீர் ஜில்லென்று இருந்தது, மனசு லேசாகிவிட்டது. காட்டில் சாமைக் கதிர் தலை சாய்ந்து நின்றது. பரண் மேல் ஏறி நின்று பெண்கள் கிளி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளச்சி என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து, கூழ் கொடுத்து உட்கார வைத்தார்.

"வெள்ளச்சி, இங்கயும் அடுப்பு இருக்குது, பாய் இருக்குது, கோழி இருக்குது. அங்கயும் இருக்குது. எதும்மா வூடு? நாலு பேருக்கு நான் புரிய வெக்கணும்."

அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஒரல் எங்க நட்டுக்கீதோ அதாங்க வூடு. அடுப்ப மூணு கல்ல வெச்சா எங்கயும் மூட்டலாம். ஒரலத் தூக்கிக்கினு போவ முடியுமா? இங்க ஒரு கொட்டாயில ஒரலு இருந்தா காட்டுங்க, பேர அடிச்சிக்கினு போங்க."

சவாலை ஏற்றுக்கொண்டேன். எல்லாக் கொட்டாயும் ஏறி இறங்கினேன். ஒன்றில்கூட உரல் இல்லை. மறுபடி ஓடையைத் தாண்டி ஊருக்கு வந்து, வீட்டுக்காரர்களைக் கூட வைத்துக்கொண்டு ஒவ்வொரு படலாகத் திறந்து பார்த்தோம். நாற்பத்தியொரு வீட்டிலும் தரையில் கழுத்தளவு புதைத்த கல் உரல். சுற்றிலும் அந்த வாரத்துச் சாமை உமி. திருப்பூர்க்காரர் வீட்டு உரலில் மட்டும் சிலந்தி வலை. வீட்டு எண், உரல் உண்டு, உமி உண்டு என்று செல்வி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் சர்வீசில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு அறிக்கை எழுதியதில்லை.

கூட்டத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பொதுவாக அந்தக் கூட்டத்தில் அவர்கள் ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒத்துக்கொண்டதே இல்லை. நான் எழுந்து, "நெல்லிப்பாடி விஷயத்தில் பி.எல்.ஓ. எழுதியது சரி. நான் எழுதியது தப்பு" என்று ஆரம்பித்தேன். படல், தழை, சாமை, உரல் எல்லாம் சொல்லி முடித்தேன். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் எழுந்தார்.

"மேடம், ஒரல எண்ணினீங்க சரி. ஒலக்கைக்கும் ஓட்டு உண்டுங்களா?"

கூட்டமே சிரித்தது, நானும் சிரித்தேன். சப் கலெக்டர் மட்டும் சிரிக்காமல், "உலக்கைக்கு வயது பதினெட்டு நிரம்பியிருந்தால் பரிசீலிக்கலாம்" என்றார். அதற்கப்புறம் கூட்டத்தை அடக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஆட்சேபணை சொல்ல யாருக்கும் எதுவும் இல்லை. ஆனால் ஒருவர் நியாயமாக ஒன்று கேட்டார். "ஓட்டுப் போடற அன்னிக்கும் இவங்க காட்லயே கெடந்தா? ஆளே வராத பூத்த எதுக்குங்க வெக்கணும்?"

சப் கலெக்டர் என்னைப் பார்த்தார். "வருவாங்க சார்" என்றேன். பெயர்கள் திரும்பின, வாக்குச்சாவடி பிழைத்தது. ஆனால் அந்த "வருவாங்க" என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆள் வராவிட்டால் அடுத்த முறை அந்தச் சாவடியை யாராலும் காப்பாற்ற முடியாது.

வாக்குப்பதிவு நாளும் அடுத்த சாமை அறுப்பும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. நான் மண்டல அலுவலராக அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஜீப்பில் போய் இறங்கினேன். ஏழு மணிக்கு வாக்குப்பதிவு தொடங்கியது. எட்டு ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. பள்ளிக்கூடம் மேட்டுக்குக் கீழே, ஊர் மேட்டுக்கு மேலே, இங்கிருந்து ஒன்றும் தெரியாது. பூத்தில் நாலு அலுவலர்கள், மூன்று ஏஜெண்டுகள், ஒரு போலீஸ்காரர். ஓட்டுப் போட ஒரு ஆள் இல்லை. ஏஜெண்டு ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டே, "ஒரலு இன்னும் எழுந்திரிக்கலீங்க போல" என்றார். சப் கலெக்டர் போனில் எத்தனை பேர் என்று கேட்டார். "வந்துகொண்டே இருக்கிறார்கள் சார்" என்று பொய் சொன்னேன். காடு, பன்றி, கிளி எல்லாவற்றையும் விட்டுவிட்டு யார் வருவார்கள்? நானாக இருந்தால் வந்திருப்பேனா?

ஒன்பதரை மணிக்குச் செல்வி மேட்டிலிருந்து இறங்கி வந்தார். தலை நிறையப் பூ.

"ஏன் மேடம் இங்கயே நின்னுக்கினு இருக்கறீங்க? மேல வந்து பாருங்க."

மூச்சிரைக்க ஏறினேன். பாதி வழியிலேயே சத்தம் கேட்டது. தொம், தொம் என்று ஊர் முழுக்க உலக்கைச் சத்தம். மேலே ஏறி நின்றால், எல்லாப் படலும் திறந்து கிடக்கிறது. நேற்றே காட்டிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறார்கள். வாசலெல்லாம் தெளித்துக் கோலம். புதுச் சாமை குத்தி, பெரிய அண்டாவில் பொங்கல் ஏற்றியிருக்கிறார்கள். கையில் உலக்கையோடு வெள்ளச்சி நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா மேடம், இந்த வாட்டியும் படலப் பாக்காமயே எழுதிட்டீங்களா?"

நான் அப்படியே ஒரு கல்லில் உட்கார்ந்து சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். சொந்த ஊரில் ஓட்டுப் போடுவது அவர்களுக்குத் திருவிழா. திருவிழாவுக்குச் சமைக்காமல் யாராவது கிளம்புவார்களா? பொங்கலை இறக்கிவிட்டு, மாற்றுச் சேலை கட்டிக்கொண்டு, ஊரே வரிசையாக மேட்டிலிருந்து இறங்கியது. பள்ளிக்கூட வாசலில் கியூ நின்றது. முன்னால் யார், கடைசி யார் என்று அவர்களே பேசி வைத்திருந்தார்கள். கொட்டாவி விட்ட ஏஜெண்டு எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

நானும் செல்வியும் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். எல்லா வாசலும் திறந்திருக்க, கடைசி வீட்டில் மட்டும் படல் சாத்தியிருந்தது. திருப்பூர்க்காரர் வீடு. பட்டியலில் பேர் இல்லாத வீடு. பழக்கத்தில் தாண்டிப் போகப் பார்த்தேன். பிறகு நின்றேன். படலில் புங்கந்தழை செருகியிருந்தது. பச்சை.

"திரும்பி வந்துட்டாங்களா செல்வி?"

"போன வாரம் வந்தாங்க மேடம்."

"இப்ப எங்க?"

செல்வி ஓடைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். பரண் மேல் இரண்டு உருவங்கள் துணியை வீசிக் கிளி ஓட்டிக்கொண்டிருந்தன. "ஊர் மொத்தமும் ஓட்டுப் போட வந்துடுச்சு. எங்களுக்குத்தான் ஓட்டு இல்லியே, நீங்க போய்ட்டு வாங்க, உங்க காட்டையும் நாங்க பாத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க."

சொல்லிக்கொண்டே அவர் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். புதிதாகப் பேர் சேர்க்கும் விண்ணப்பம், புருஷனுக்கு ஒன்று, பெண்டாட்டிக்கு ஒன்று. எழுத்து செல்வியுடையது, கையெழுத்து அவர்களுடையது. இந்தத் தேர்தலுக்கு ஆகாது, அடுத்ததற்கு ஆகும். நான் தாளை வாங்கும் முன்பு படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். உரலில் சிலந்தி வலை இல்லை. சுற்றிலும் புது உமி. வெளியே வந்து, படலைச் சாத்தி, விழுந்திருந்த தழையை எடுத்து நானே செருகிவிட்டு, "நேரில் பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.